பேனரில் என் முகம் இருந்த இடம்

நேர்காணல் வீடியோ காலில் என்று சொன்னதும் நான் முதலில் செய்தது, வீட்டுக்குள் ஒரு வெறும் சுவரைத் தேடியதுதான். கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்துக்குள் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே தினசரிக் காலண்டர், அதிலும் அவரே. எங்கள் அறையில், என் மாமியார் ராகுகாலம் பார்க்க மாட்டிவைத்திருந்த இன்னொரு காலண்டர். அதைக் கழற்றிப் பார்த்தேன். பல வருஷம் அங்கேயே இருந்ததால் சுவரில் அதே அளவுக்கு வெளுப்பாக ஒரு கட்டம். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. திரும்ப மாட்டிவிட்டு, கடைசியில் பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பச்சை இரும்பு மட்டும்தான் தெரியும்படி போனைச் சாய்த்துவைத்தேன். அப்புறம், பச்சையும் ஏதாவது கட்சியின் நிறமாக இருக்குமோ என்று யோசித்தேன்.

வேலை இதுதான். கல்லூரிகளுக்குப் போய், பதினெட்டு வயதான பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வைப்பது. யாருக்கு ஓட்டு என்ற பேச்சே கிடையாது. நடத்துவது எந்தக் கட்சியையும் சாராத ஓர் அமைப்பு. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கடற்கரைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தவள். செங்கல்பட்டில் அம்மா வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய்ப் படித்தேன். பிறகு சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தேன். மகள் வயிற்றில் இருக்கும்போது நின்றதுதான். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. படித்த படிப்புக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்ன முதல் விளம்பரம் இது. அதனால்தான் எனக்கு இந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது. வேண்டும் என்று நினைக்கவே பயமாக இருந்தது என்பதும் உண்மை.

நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கிராமம். என் கணவர் சிறுசேரியில் கம்பெனி வண்டிகளுக்கு ஷிப்ட் போடும் மேற்பார்வையாளர். ஒரே காம்பவுண்டில் பக்கத்து வீடு அவருடைய அண்ணன், என் மூத்தார். பந்தல், சேர் வாடகைக்கு விடுகிறார். கட்சியில் கிளைச் செயலாளர்.

நேர்காணலில் பேசிய பெண்மணிக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கலாம். அந்த அமைப்பில் இந்த மாவட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க வீட்ல யாராவது கட்சியில இருக்காங்களா?" என்றார். கதவோரம் நின்ற என் கணவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் சொல்லிவிட்டேன்.

"அது பரவாயில்லைங்க. இந்தப் பக்கம் கட்சி இல்லாத வீடு எங்க இருக்கு?" என்று அவர் சிரித்தார். "ஆனா ஒண்ணு. உங்க முகமோ பேரோ எந்தக் கட்சியோட கொடி, மேடை, நோட்டீஸ் எதுலயும் வரக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உட்பட. வந்தா பசங்க உங்கள நம்ப மாட்டாங்க."

சரி என்றேன். அடுத்த வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் வேலை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது மாமியார் என்பதால் அவரிடம் அன்றே சொன்னேன். கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரிதான் அத்தை என்றேன். அந்தக் 'கிட்டத்தட்ட'வை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வழியாக மூத்தார் காதுக்குப் போனபோது அந்தச் சொல் இல்லை. கட்சி சம்பந்தமான நிபந்தனையை என் கணவரிடம் விளக்கி, "உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றேன். எங்கள் வீட்டில் நான் மூத்தாரிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. அவர் வந்தால் எழுந்துகொள்வேன். சொல்ல வேண்டியதை மாமியாரிடமோ குழந்தையிடமோ சொல்வேன். 'பெரியப்பாவுக்கு டீ வேணுமான்னு கேளு' என்று குழந்தையிடம் சொன்னால் அவர் குழந்தைக்குப் பதில் சொல்வார். அது அவமரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. அப்படியே பழகிவிட்டது.

"சொல்றேன், சொல்றேன்" என்றார் என் கணவர். சொல்லவில்லை. அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

மாதிரி வகுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டுரோட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூங்கில் கட்டி, புதிதாக ஒரு பேனர். அதில் நான்.

மேலே தலைவர்கள் வரிசையாக. ஓரங்களில் வட்டவட்டமாக ஒன்றியம், நகரம், வட்டம் என்று நிர்வாகிகள். நடுவில் பட்டுப்புடவையில் நான், ஆள் உயரத்துக்கு. மகளின் காதுகுத்துக்கு எடுத்த போட்டோ. அவளை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் என் தோளில் இருந்த அவளுடைய கை மட்டும் மிச்சம் இருந்தது. கீழே என் பெயர், எம்.ஏ., 'தேர்தல் பணியில் உயர் பொறுப்பேற்கும் எங்கள் இல்லத்து மருமகளை வாழ்த்தி மகிழ்கிறோம்.' அதற்கும் கீழே மூத்தாரின் பெயரும் கட்சிப் பதவியும்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் படிப்பை யாரும் அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டதில்லை. மகள் விரலை நீட்டி "அம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் நேர்காணலில் கேட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, அடுத்தது கவுன்சிலரா? எங்க தெருவுக்கு மொதல்ல லைட்டு போடு" என்றார். கடையே சிரித்தது. மருந்து வாங்காமலே திரும்பினேன்.

கணவருக்குப் போன் செய்தேன். "ஐயையோ" என்றார் முதலில். பிறகு, "இப்ப எடுக்கச் சொன்னா அண்ணன் இன்னா நெனைக்கும்? உடு. அவங்க கிழக்குக் கடற்கரைச் சாலையில வந்து அப்டியே காலேஜுக்குத் திரும்பிடுவாங்க. கூட்டுரோட்டுக்கு எதுக்கு வரப் போறாங்க?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த நிறுத்தத்தில்தான் இறங்குகிறார்கள். துணி காயப்போட்டேன், எடுத்தேன், குழந்தைக்குச் சோறு ஊட்டினேன், எதுவும் ஓடவில்லை. கடைசியில் அந்தப் பொறுப்பாளர் அம்மாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு அவரே கூப்பிட்டார்.

"போட்டோ நல்லா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. "வகுப்பு நடக்கறப்ப நீங்க அதுல இருக்கக் கூடாதும்மா. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

சாயங்காலம் மூத்தார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் வரத் தாமதமாகும். மாமியாரைத் தூது அனுப்பினால் பாதிதான் போய்ச் சேரும். நானே போய் நின்றேன்.

"மாமா, அந்தப் பேனர்..."

அவர் முகம் மலர்ந்தது. நான் நேராகப் பேசியதைக் கவனித்தாரா என்றே தெரியவில்லை. "பாத்தியா? கலர் நல்லா வந்துகீது இல்ல? போட்டோதான் கொஞ்சம் பழசு. எதுக்குன்னு சொல்லாம உன் வூட்டுக்காரன்கிட்ட புதுசு கேட்டேன், குடுக்கல."

"நல்லாருக்கு மாமா. ஆனா அத எடுக்கணும்."

"எடுக்கணுமா? இன்னாத்துக்கு?"

சொன்னேன். நாற்காலியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். வகுப்பில் சொல்ல வேண்டியதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். இதைச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

"நான் இன்னா அதுல ஓட்டா கேட்டுகினு கீறேன்? எங்க வூட்டுப் பொண்ணு பெரிய வேலைக்குப் போவுதுன்னு போட்டேன்" என்றார். "சும்மா உன் படத்த மட்டும் போட்டா எவன் திரும்பிப் பாப்பான்? தலைவர் மேல இருந்தாத்தான் அதுக்கு ஒரு மருவாதி."

உள்ளேயிருந்து வந்த மாமியார், "அவன் எம்மா ஆசையா போட்டான் தெரிமா? ரெண்டு வாட்டி பிரிண்டு கடைக்கு அலைஞ்சான்" என்றார்.

"தெரியும் அத்தை" என்றேன். தெரியும்தான். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது, கணவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டிருக்க, கல்யாண ஆர்டரை அப்படியே விட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இவர்.

"எம்மா, நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்கோ. தலைவர் படம் போட்ட பேனர நானே எறக்கினேன்னு வெய்யி, எதிர்க் கட்சிக்காரன் டீக்கடையில உக்காந்துகினு சிரிப்பான். எங்க கட்சிக்காரன் என்ன இன்னா, ஏதுன்னு கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது?"

"அதுல நான் இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க மாமா" என்றேன். அந்த அம்மா சொன்ன சொற்களை அப்படியே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று அப்போது தெரியவில்லை.

அவர் யோசித்தார். "நீ இருக்கக் கூடாது. அவ்ளோதான?"

"ஆமா மாமா."

"சரி போ. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்கள் வந்து சொல்லித்தான் தெரியும். பேனர் அப்படியே நின்றது. தலைவர்கள், நிர்வாகிகள், வாழ்த்து எல்லாம் இருந்தன. என்னை மட்டும் பிளேடால் சுற்றி அறுத்து எடுத்திருந்தார். ஒழுங்காக, கொண்டையிலிருந்து புடவைக் கொசுவம் வரை என் உருவத்துக்கே ஓர் ஓட்டை. பெயரின் மேல் வெள்ளைப் பெயின்ட். ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த டிரான்ஸ்பார்மர் தெரிந்தது. தோள் இருந்த இடத்தின் விளிம்பில் என் மகளின் கை எதையும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வரும்போதெல்லாம் ஓட்டையின் ஓரங்கள் படபடத்தன.

இதைவிட அவர் அதை முழுதாகவே விட்டிருக்கலாம். ஒரு குடும்பத்துப் பேனரில் ஒரு பெண்ணை மட்டும் அறுத்தெடுத்தால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்லும். ரேஷன் கடையிலிருந்து மாமியார் முகம் சிவந்து திரும்பினார். "மருமகள தள்ளி வெச்சுட்டியா, இல்ல அதுவே பூட்ச்சான்னு கேக்கறாளுங்க" என்றார். பிறகு மூத்த மகன் வீட்டுப் பக்கம் திரும்பி, "தாலி கட்டின பொண்ணு மூஞ்சிய அறுப்பானாடா எவனாவது!" என்று சத்தம் போட்டார். என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். எல்லோருக்கும் இருமல் வந்தது. செங்கல்பட்டிலிருந்து அம்மா போனில் அழுதாள். யாரோ படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். "உன்ன என்னடி பண்ணாங்க, உண்மைய சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொன்ன உண்மையை அவள் நம்பவில்லை.

மூத்தார் மட்டும் தெளிவாக இருந்தார். "எங்கயாவது அதுல நீ கீறியா? இல்ல இல்ல?" என்று மாமியார் மூலமாகக் கேட்டனுப்பினார்.

மாதிரி வகுப்பு ஒரு நீளமான அறையில். அந்தப் பொறுப்பாளர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் சொந்த ஊரிலா இங்கேயா, எந்த முகவரியில் பெயர் சேர்ப்பது, என்னென்ன சான்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போனது. நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் போன்.

"அக்கா, இது நீங்கதான?"

திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் நான், இன்னொன்றில் ஓட்டை. யாரோ அடியில் 'காணவில்லை' என்று எழுதியிருந்தார்கள். வகுப்பே வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். காது மட்டும் சூடானது.

"நான்தான்" என்றேன். "வெச்சது என் வீட்டுக்காரரோட அண்ணன். பாசத்துல வெச்சார். எனக்கு அது சரியா வராது, எடுங்கன்னு நான்தான் கேட்டேன். அவர் எடுத்தது இப்படி."

மறுபடி சிரிப்பு. இது வேறு மாதிரி.

"அப்ப நீங்க யாருக்குக்கா ஓட்டுப் போடுவீங்க?" என்று ஒரு பையனின் குரல்.

"அத என் வீட்டுக்காரர்கிட்டயே சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லுவேனா? உட்காருங்க. உங்க பேரு பட்டியல்ல இருக்கா, அதச் சொல்லுங்க."

வகுப்பு முடிந்ததும் நிறையப் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். சிலர் பெயர் சேர்க்க, சிலர் வேடிக்கை பார்க்க. போகும்போது அந்த அம்மா என் கையைத் தொட்டு, "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். அந்தத் தொடுதலுக்கு என்ன பொருள் என்று மூன்று நாள் யோசித்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மூத்தார், தட்டைப் பார்த்தபடி, "இன்னாச்சாம்?" என்று மாமியாரிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். இன்னும் முடிவாகவில்லை, பேனர் படம் பிள்ளைகளின் போனில் எல்லாம் இருக்கிறது, அதுதான் தயக்கமாக இருக்கும் என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "என்னாலதான் கெட்டுதுன்னா நானே சரி பண்றேன். மாவட்டத்துகிட்ட ஒரு வார்த்த சொல்றேன்." மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். "ஒரே போனு. எந்த அமைப்பா இருந்தாலும் சரி, கூப்ட்டு வேலைய குடுப்பான்."

"வேணாம் மாமா!" நான் கத்திவிட்டேன் போல. குழந்தை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "தயவுசெஞ்சு யாருக்கும் போன் பண்ணாதீங்க. பண்ணா எல்லாம் போச்சு."

"என் போனு கூட உனுக்கு ஆவாதா?"

"ஆவாது மாமா."

"சரி, பண்ணல" என்றார். கை கழுவிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் காம்பவுண்டில் போனுடன் நடக்கும்போதெல்லாம் என் காது அங்கேயே இருந்தது. அவர் பேசுவதே போனில்தான். பந்தல், சேர், ஜெனரேட்டர், கட்சிக் கூட்டம். 'அண்ணே' என்று யாரையாவது கூப்பிட்டால் நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவேன். 'நம்ம பொண்ணுதான்' என்று ஒருமுறை சொன்னது கேட்டது. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மா கூப்பிட்டார். "வாழ்த்துகள். அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்க சொன்ன பதில் எங்க எல்லாருக்கும் பிடிச்சுது. கடற்கரைப் பக்கக் கல்லூரிகள் உங்களுக்குத்தான்."

நன்றி சொல்லியிருந்தால் போதும். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது எனக்குப் பயமாக இருந்தது. பேனர் வந்த பிறகும் எப்படிக் கொடுக்கிறார்கள்? மூத்தார் போன் செய்துவிட்டாரா?

"மேடம், எனக்காக யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?" என்றேன்.

"இல்லையே. ஏன், யார் பேசுவாங்க?"

அப்போதும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பாதி சொல்லத் தெரியாது. மூத்தார் கட்சியில் சொல்லிப் பார்க்கிறேன் என்றதையும், நான் வேண்டாம் என்றதையும், அவர் சரி என்றதையும் சொன்னேன். "மறுபடி கூப்பிடறேம்மா" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டார். குரல் அதே கனிவுடன்தான் இருந்தது. "யாரும் பேசல. நான் நல்லா விசாரிச்சுட்டேன். ஆனா உங்களுக்கே சந்தேகம் வர்ற இடத்துல உங்கள வைக்கறது சரியில்ல. நாளைக்கு ஒரு பையன் கேட்டா நீங்க தைரியமா பதில் சொல்லணும் இல்ல? மதுராந்தகம், வேடந்தாங்கல் பக்கம் ஓர் இடம் இருக்கு. அங்க உங்கள யாருக்கும் தெரியாது. வர்றீங்களா?"

அங்கே போக இரண்டு பஸ். குழந்தை எழுவதற்கு முன் கிளம்ப வேண்டும், அவள் தூங்கப் போகிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும். வருகிறேன் என்றேன். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். என் கணவர் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். மாமியார் "அம்மாந் தூரமா?" என்றார்.

மூத்தார் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நான் போன் பண்ணல" என்றார் என்னைப் பார்த்து. "எடுத்து நம்பர் வரைக்கும் போட்டேன். நீ அப்டி கத்தினது ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன். பண்ணியிருந்தா இங்கியே குடுத்திருப்பான் பாரு."

அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். அதை நம்பாமல் போய்க் கேட்டது நான். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவருக்குப் பேனரை எடுக்கச் சொன்னதைவிட இதுதான் அதிகமாக வலிக்கும் என்று தோன்றியது. அல்லது, சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. எது என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

"மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றார்.

சொன்னேன்.

"அந்நேரத்துக்கு இங்கேர்ந்து ஷேர் ஆட்டோ கூட கெடைக்காது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் நானே வண்டில வுட்டுர்றேன்." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "முன்னாடி கீற கொடிய கழட்டிட்டுத்தான் வருவேன். பயப்படாத."